ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது, குழாய்க்குள் இன்னொரு படம் எதற்கு?

வாசகர் கேள்வி, இதய மருத்துவர் பதில்

கேள்வி: என் அப்பாவுக்கு 58 வயது, விவசாயம். குறுவை அறுப்பு நேரத்தில் மாரடைப்பு வந்து, தஞ்சாவூரில் அன்றைக்கே ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைத்தார்கள். வேறொரு குழாயில் 30 சதவீத அடைப்பு இருக்கிறது, அதற்கு மாத்திரை போதும் என்றார்கள். சென்னையில் இருக்கும் அத்தை மகனோ, குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்த்தால்தான் அந்த 30 சதவீதம் ஆபத்தானதா என்று தெரியும், ஆண்டுக்கு ஒரு முறை பார்க்க வேண்டும் என்கிறார். அப்பா மாட்டை விற்கக் கிளம்பிவிட்டார். பார்த்துவிடலாமா? (வாசகர், நீடாமங்கலம்)

பதில்: முதலில் மாட்டைக் கொட்டகையிலேயே கட்டச் சொல்லுங்கள்.

உங்கள் அத்தை மகன் சொன்னதில் பாதி உண்மை. ஆஞ்சியோவில் நாங்கள் பார்ப்பது சாயம் ஓடும் வழியை மட்டுமே. குழாயின் சுவரை அல்ல. வாய்க்காலில் தண்ணீர் தளும்பப் போகிறது என்பதற்காகக் கரையில் நண்டு வளை இல்லை என்று எந்த விவசாயியாவது சொல்வாரா? கொழுப்புப் படிவு முதலில் சுவருக்குள்ளேதான் வளர்கிறது. குழாயும் வெளிப்பக்கமாக விரிந்து அதற்கு இடம் கொடுத்துவிடுகிறது. படிவு சுமார் 40 சதவீத இடத்தைப் பிடிக்கும்வரை உள்வழி பெரிதாகக் குறுகுவதில்லை என்று அமெரிக்க மருத்துவர் க்ளாகோவ் 1987-இலேயே காட்டிவிட்டார்.

நீங்கள் கேமரா என்று எழுதியிருப்பது ஓ.சி.டி. உண்மையில் அது ஒளிக்கற்றை. மெல்லிய கம்பி போன்ற குழாயை உள்ளே செலுத்தி, சாயத்தைப் பாய்ச்சி ரத்தத்தை ஒரு கணம் விலக்கி, இரண்டு மூன்று விநாடிக்குள் பின்னோக்கி இழுத்துப் படம் எடுப்போம். குழாயைக் குறுக்கே வெட்டி வைத்தது போலத் திரையில் வட்டம் வட்டமாக வரும். ஸ்டென்ட்டின் கம்பிகள் ஒளிப்புள்ளிகளாகத் தெரியும். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு நிழல். ஒரு புள்ளி சுவரைத் தொடாமல் விலகி நின்றால், அங்கே ஸ்டென்ட் சரியாகப் படியவில்லை என்று பொருள். உடனே பலூனால் அழுத்திவிடுவோம். சுண்ணாம்புப் படிவு ஓரம் தெளிவாகவும், கொழுப்பு ஓரம் கலங்கியும் தெரியும். கொழுப்பின் மேல் இருக்கும் மூடி 65 மைக்ரானைவிட (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்) மெல்லியதாக இருந்தால் கிழியக்கூடிய வகை என்று எடுத்துக்கொள்கிறோம். ஐவஸ் என்ற ஒலி அலைப் படம் இன்னும் ஆழமாகப் பார்க்கும், ஆனால் இவ்வளவு நுணுக்கம் வராது.

சிகிச்சை நடக்கும்போது இந்தப் படங்களால் பெரும் பயன் உண்டு. இடது முதன்மைக் குழாயிலோ சிக்கலான அடைப்பிலோ ஸ்டென்ட் வைக்கும்போது, முடிந்த இடத்திலெல்லாம் இவற்றைப் பார்த்தே வைக்க வேண்டும் என்பது என் கட்சி. வைத்து முடித்து, வலி இல்லாமல் வீட்டில் இருப்பவரை ஆண்டுதோறும் மேசையில் ஏற்றுவது வேறு கதை.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 697 நோயாளிகளுக்கு, மாரடைப்பு போன்ற அவசர நிலைக்குச் சிகிச்சை முடிந்த கையோடு, மூன்று குழாய்களையும் ஐவஸால் படம் எடுத்துப் பின்தொடர்ந்தார்கள். 2011-இல் முடிவு வந்தது. பிறகு வந்த தொல்லைகளில் ஏறத்தாழப் பாதி, சிகிச்சை செய்யாத இடங்களிலிருந்து வந்தவை. ஆஞ்சியோவில் அவற்றில் பல சாதுவாகவே தெரிந்திருந்தன. அத்தை மகன் ஜெயித்தார் என்று நினைக்காதீர்கள். மெல்லிய மூடி, பெரிய படிவு, குறுகிய வழி மூன்றும் சேர்ந்த மிக மோசமான இடங்களில்கூட, சுமார் மூன்று ஆண்டுகளில் தொல்லை தந்தவை ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. அப்படிப்பட்ட இடங்களில் முன்கூட்டியே ஸ்டென்ட் வைத்தால் நல்லது என்று 2024-இல் கொரியா முதலான நாடுகளில் நடந்த ஓர் ஆய்வு சொன்னது. ஆனால் அதில் பெரும்பாலோர் புதிதாக மாரடைப்பு வந்தவர்கள் அல்லர். அதை வைத்து உங்கள் அப்பாவுக்கு நான் முடிவெடுக்க மாட்டேன்.

எனக்கு மிகவும் பிடித்தது 2022-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு. மாரடைப்பு வந்த 300 பேரின் மற்றக் குழாய்களை ஓ.சி.டி.யில் பார்த்து, 52 வாரம் கழித்து மீண்டும் பார்த்தார்கள். கொழுப்பைக் குறைக்கும் ரோசுவாஸ்டாட்டின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கே மூடி முன்பைவிடச் சராசரியாக 33 மைக்ரான் தடித்திருந்தது. அதோடு கொழுப்பைக் குறைக்கும் ஊசியும் போட்டவர்களுக்கு 60 மைக்ரானுக்கு மேல். படத்தில் எது தெரிந்தாலும், நாளைக்கு நான் எழுதித் தரப்போவது அதே மாத்திரையைத்தான். அதைப் படம் எடுக்காமலே சாப்பிடலாம்.

மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் எங்கள் பக்கத்து ஆண்கள் மாத்திரையை மறந்துவிடுவார்கள். மஞ்சள் பையில் ஆஞ்சியோ குறுந்தகட்டைப் பத்திரமாகக் கொண்டுவருவார்கள். மாத்திரை அட்டையைக் கேட்டால் பாதி பிரிக்காமல் இருக்கும். அப்பாவின் ரத்தத்தில் எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பின் அளவை மருந்து தொடங்கி ஒன்றரை மாதத்தில் பாருங்கள். 70-க்குக் கீழே வர வேண்டும், 55-க்குக் கீழே என்றால் இன்னும் நல்லது. வரவில்லையென்றால் மருந்தைக் கூட்ட வேண்டும். பீடியும் புகையிலையும் இருந்தால் இன்றோடு நிறுத்த வேண்டும். நடக்கும்போது நெஞ்சு இறுகினால் காத்திருக்காமல் போங்கள். அப்போது எடுக்கும் எந்தப் படமும் வீண் செலவு இல்லை.

கேள்வி: அம்மாவுக்குச் சர்க்கரை நோய். இரண்டு ஆண்டுக்கு முன் வைத்த ஸ்டென்ட் அடைத்திருக்கிறதா என்று சி.டி. ஆஞ்சியோவில் பார்க்கலாமா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: ஸ்டென்ட் வைத்தபோது கொடுத்த அட்டையை எடுத்துப் பாருங்கள், அதன் விட்டம் போட்டிருக்கும். 3 மில்லிமீட்டரைவிடச் சிறியது என்றால் உலோகத்தின் பளபளப்பு உள்வழியை மறைத்துவிடும்; பணம் கொடுத்துக் குழப்பத்தை வாங்கி வருவீர்கள். பெரிய ஸ்டென்ட் என்றாலும், அறிகுறி இல்லாதபோது எடுக்கத் தேவையில்லை. மருத்துவர் எடுக்கச் சொன்னால், சாயம் ஏற்றுமுன் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் என்ற ரத்தப் பரிசோதனையைப் பார்க்கச் சொல்லுங்கள். அம்மா எடுக்கும் சர்க்கரை மாத்திரைகளின் பெயரையும் எழுதிக் கொண்டுபோங்கள். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் மெட்ஃபார்மினைச் சில நாள் நிறுத்தச் சொல்வார்கள்.