14 வயது மகனைச் சபையின் ஆண் பிள்ளைகள் முகாமுக்கு அனுப்பலாமா?

கேள்வி: எங்கள் சபையில் 13 முதல் 16 வயது வரையுள்ள பையன்களுக்கு மூன்று நாள் முகாம் நடத்துகிறார்கள். ஒவ்வொரு பையனுக்கும் ஒரு வழிகாட்டி, கடைசி நாள் அப்பாக்களும் வர வேண்டும் என்கிறார்கள். பிரயோஜனம் உண்டா?

அனுப்பலாம். ஆனால் முகாம் முடிந்த அடுத்த மாதம் பையனைப் பார்க்க உங்கள் வீட்டுக் கதவைத் தட்டப்போகும் வழிகாட்டி யார் என்று முதலில் கேளுங்கள். ஆளைக் காட்டினால் அனுப்புங்கள். ‘அதெல்லாம் பார்த்துக்கலாம்’ என்றால், அந்தப் பணத்தில் பையனை எங்காவது கூட்டிக்கொண்டு போய் நல்ல மீன் சாப்பாடு வாங்கிக் கொடுங்கள்.

நான் மயிலாடுதுறைப் பக்கம். இரண்டு வருடம் முன்பு மே மாதம் என் மகன் தரங்கம்பாடி பக்கத்தில் இப்படி ஒரு முகாமுக்குப் போனான். அவனுக்கும் அப்போது 14.

எனக்கு முதலில் இதில் பெரிய நம்பிக்கை இல்லை. மேற்கத்திய நாட்டுச் சபைகளில் நடப்பதைப் பார்த்துச் செய்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் நம்மிடம் ஒரு காலியிடம் இருப்பதும் உண்மைதான். பெண் பிள்ளை வயதுக்கு வந்தால் எங்கள் லுத்தரன் குடும்பங்களிலேயே பந்தல் போட்டு, மாமன் சீர் வைத்து, ஊரைக் கூட்டுகிறோம். பையனுக்கு? குரல் உடைந்தால் கேலி, மீசை அரும்பினால் இன்னும் கொஞ்சம் கேலி. திடப்படுத்தல் இருக்கிறதே என்பீர்கள். பத்துக் கற்பனைகள், விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம் என்று ஞானோபதேசத்தை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறான், வெள்ளைச் சட்டை போட்டு முதல் நற்கருணை எடுக்கிறான், போட்டோ எடுக்கிறோம், பிரியாணி. திங்கட்கிழமை பழையபடி டியூஷன்.

முதல் நாள் பையன்களைப் புது எருசலேம் ஆலயத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். 1718இல் சீகன்பால்க் என்ற ஜெர்மானிய லுத்தரன் மிஷனரி கட்டியது. அவர் 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கியபோது 24 வயதுகூட நிறைந்திருக்கவில்லை. இங்கே பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் தமிழ் எழுத்து எழுதிப் பழகியவர். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சில் முடித்தார், 36 வயதில் இறந்துபோனார். என் மகன் வீட்டுக்கு வந்து சொன்னது மணலில் எழுதிய கதையை மட்டும்தான். சரி, அதுவாவது நின்றதே.

இரண்டாம் நாள் பேசியவர்மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. ‘நீ திடன்கொண்டு புருஷனாயிரு’ என்று தாவீது சாலொமோனுக்குச் சொன்னதை எடுத்துக்கொண்டு, ஆம்பளை என்றால் அழக் கூடாது என்று முடித்திருக்கிறார். இதைச் சொன்ன அதே தாவீதுதான் அப்சலோம் செத்தான் என்று கேட்டதும் வாசலுக்கு மேலே இருந்த மேல்வீட்டுக்கு ஏறிப்போய் ‘என் மகனே, என் மகனே’ என்று அழுதவன். நான் போதகர் ஐயாவிடம் இதைச் சொன்னேன். மறுநாள் காலை ஜெபத்தில் அந்த அதிகாரத்தையே வாசிக்கச் சொன்னார். அதற்காக அவர்மேல் மரியாதை கூடியது.

கடைசி நாள் சாயங்காலம் அப்பாக்கள் ஒவ்வொருவரும் மகனுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொண்டுவர வேண்டும். மூன்று நாளாக உட்கார்ந்து நான் எழுதியது ஏழு வரி. மணலில் மகனுக்கு எதிரே உட்கார்ந்து டார்ச் வெளிச்சத்தில் படித்தேன். ஏழாம் வகுப்பில் அவனுக்குக் கணக்கில் மார்க் குறைந்ததற்காகப் பெல்ட்டை எடுத்தது தப்பு என்று எழுதியிருந்தேன். அவன் காகிதத்தை வாங்கித் திரும்ப ஒருமுறை படித்தான். அப்புறம் மெதுவாக, “அப்பா, ‘மன்னித்துக்கொள்’ல ‘க்’ விட்டுட்டீங்க” என்றான். இரண்டு பேரும் சிரித்தோம். அந்தக் காகிதம் இப்போதும் அவன் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது.

ஆனால் நாலு பேர் தள்ளி ஒரு பையன். அவன் அப்பா துபாயில். வீடியோ கால் போட முயன்றார்கள், சிக்னல் கிடைக்கவில்லை. அவன் தனியாக மணலைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கடைசியில் அவனுடைய வழிகாட்டி வந்து எதிரே உட்கார்ந்தார், கையில் கடிதம் எதுவும் இல்லாமல். நம் டெல்டாவில் பாதித் தெருவின் அப்பாக்கள் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கிறார்கள். இதை முன்கூட்டி யோசிக்காமல் ஒரு முகாமா? உங்கள் வீட்டிலும் அந்த நிலை என்றால் தாத்தாவோ மாமாவோ வரலாமா என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.

என் மகனுக்குக் கிடைத்த வழிகாட்டி மோட்டார் காயில் கட்டுகிறவர். பெரிய படிப்பு கிடையாது, பேச்சும் குறைவு. மாதம் ஒரு சனிக்கிழமை தவறாமல் வந்து அவனைக் கடைக்குக் கூட்டிப் போவார். ஜூன் 12இல் மேட்டூர் திறந்தாலும் தண்ணீர் கடைமடைக்கு வர நாளாகும். அதுவரை குறுவை நாற்றங்காலுக்குப் போர் தண்ணீர்தான். கரண்ட் லோ வோல்டேஜில் வந்தால் மோட்டார் புகையும், அவருக்கு அந்த சீசனில் மூச்சுவிட நேரம் இருக்காது. அப்போதும் வந்தார். எரிந்த கம்பியை உருவி, எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி வைப்பது என் மகன் வேலை. எண்ணிக்கை தப்பினால் அவர் திட்ட மாட்டாராம், “தம்பி, முதல்ல இருந்து” என்பாராம், அவ்வளவுதான். வார்னிஷ் வாசனையோடு வீட்டுக்கு வருவான். பள்ளியில் ஒரு பெண்ணைப் பற்றி அவரிடம் ஏதோ சொல்லியிருக்கிறான் என்று தெரியும். என்ன என்று எனக்குத் தெரியாது. வயிறு எரிந்தது, ஆனால் கேட்கவில்லை.

ஒன்றை மட்டும் கூச்சப்படாமல் நடத்துகிறவர்களிடம் கேளுங்கள். ஒரு பையனோடு ஒரே ஒரு பெரியவர் மட்டும் தனி அறையிலோ இருட்டிலோ இருக்கும் நிகழ்ச்சி ஏதாவது உண்டா? இருந்தால் அனுப்பாதீர்கள். 18 வயதுக்குக் கீழ் பையன்களும் பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் 2012ஆம் வருடத்துப் போக்சோ சட்டத்துக்குள் வருகிறவர்கள்தான். கேட்டதும் முகம் சுளிக்கிறவர் நடத்தும் முகாமே வேண்டாம். குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐயும் மகனுக்குச் சொல்லி அனுப்புங்கள். கடலிலோ கொள்ளிடத்திலோ இறக்குவார்களா என்றும் விசாரியுங்கள். மணல் அள்ளிய குழி மேலே தெரியாது.

மே மாதம் என்றால் பகல் பதினொன்றுக்கு மேல் கடற்கரை மணலில் வெறுங்கால் வைக்க முடியாது. ரப்பர் செருப்பு ஒரு ஜோடி அதிகமாக வைத்து அனுப்புங்கள். என் மகன் ஒன்றைத் தொலைத்துவிட்டு ஒற்றைச் செருப்போடுதான் வீடு வந்தான்.