வீட்டில் வரும் செய்தி மடுவத்தில் வரவில்லை

கேள்வி: ஐயா, எங்கள் தோட்டத்துக் கொழுந்து நிறுவையைப் போனில் பதிய ஸ்பிரிங் பூட்டில் (ஜாவா மொழியில் சேர்வர் நிரல் எழுத உதவும் கட்டமைப்பு) ஒரு வெப் சேர்விஸ் எழுதியிருக்கிறேன். 18.0 கிலோவை யாராவது 180 என்று அடித்தால், 'நிறை கூடிவிட்டது, திரும்பப் பாருங்கள்' என்று ரன்டைம் எக்செப்ஷன் (நிரல் ஓடும்போது எழும் பிழை அறிவிப்பு) எறிகிறேன். வீட்டு மடிக்கணினியில் அந்த வரி அப்படியே வருகிறது. சேர்வரில் ஏற்றியபின் மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கும் இடத்தில், நிற்பவருக்கு '500, இன்டர்னல் சேர்வர் எரர்' மட்டும்தான். தமிழ் எழுத்துதான் பிரச்சினையா?
- வாசகர், தலவாக்கலை

பதில்: தமிழ்மேல் பழி போடாதீர்கள் தம்பி. உங்கள் மடிக்கணினியில் டெவ்டூல்ஸ் என்ற, நிரல் எழுதும்போது உதவும் துணைக்கருவி இருக்கும், பாருங்கள். எக்செப்ஷனின் வரியை வெளியே காட்டச் சொல்வது அதுதான். ஜார் கோப்பாகக் கட்டிச் சேர்வரில் ஓட்டும்போது டெவ்டூல்ஸ் தானாக ஒதுங்கிவிடும். 2020 மே மாதம் வந்த 2.3 பதிப்பிலிருந்து அந்த வரியை மறைப்பதே ஸ்பிரிங் பூட்டின் வழக்கம்.

'சேர்வர்.எரர்.இன்க்ளூட்-மெசேஜ்' என்ற அமைப்பை 'ஆல்வேஸ்' ஆக்கினால் இன்றைக்கே வரும். ஆனால் செய்யாதீர்கள். ஹட்டன் பக்கம் ஒரு வேலையில் டேட்டாபேஸ் எறிந்த வரியை நான் அப்படியே போனுக்கு அனுப்பி வைத்தேன். அட்டவணையின் பெயர், அதன் நெடுவரிசைகளின் பெயர் எல்லாம் அதில் கிடந்தன. கணக்கப்பிள்ளை போனை நீட்டி, "இது என்ன மந்திரம் தம்பி?" என்றார். பின்னால் கொழுந்துச் சாக்கோடு ஒரு வரிசையே நின்றது.

சரி, என்ன செய்யலாம்? இந்தத் தவறுக்கென்று தனி எக்செப்ஷன் வகுப்பு ஒன்று எழுதுங்கள். எக்செப்ஷன்களை ஒரே இடத்தில் பிடிக்கும் ரெஸ்ட்-கன்ட்ரோலர்-அட்வைஸில் அதைப் பிடித்து, 'அனுப்பிய தரவில்தான் தவறு' என்று சொல்லும் 422 எண்ணை அனுப்புங்கள். 500 என்பது 'பிழை என் பக்கம்' என்று சேர்வர் ஒப்புக்கொள்வது. அதை நம்பித் திரும்பத் திரும்ப அனுப்பும்படி போன் செயலியை எழுதியிருந்தால், அந்த 180 கிலோ விடியும்வரை வந்து கதவைத் தட்டும்.

பதிலின் வடிவத்தை நீங்களாக யோசிக்க வேண்டாம். 2023 ஜூலையில் வந்த ஆர்.எஃப்.சி. 9457 என்ற இணையத் தர ஆவணம் அதற்கு டைப், டைட்டில், ஸ்டேட்டஸ், டீடெய்ல், இன்ஸ்டன்ஸ் என்று ஐந்து பெயர் வைத்திருக்கிறது. ஸ்பிரிங் பூட் 3 என்றால் 'ப்ராப்ளம்டீடெய்ல்' வகுப்பு கையிலேயே உண்டு. கூடவே 'நிறை-கூடுதல்' என்று உங்கள் குறியீடு ஒன்றையும் சேருங்கள். போன் அதைப் பார்த்துக் கங்காணிக்குத் தமிழிலும், சிங்களம் வாசிக்கும் வெளிக்கள உத்தியோகத்தருக்குச் சிங்களத்திலும் வரியை எடுத்துக் காட்டட்டும். எக்செப்ஷனின் முழு விவரம் சேர்வர் லொக்கில் உங்களுக்காகக் கிடக்கட்டும்.

இன்னொன்று. பனி இறங்கிச் சிக்னல் போனால் 422-உம் வராது, 500-உம் வராது. அதற்கான வரியைப் போனுக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.

கேள்வி: தவறு நேர்ந்தாலும் 200 (வெற்றி என்று பொருள்படும் எண்) அனுப்பி, உள்ளே 'தோல்வி' என்று எழுதினால் போதாதா?
- வாசகி, பண்டாரவளை

பதில்: போதாது அம்மா. பல செயலிகள் உள்ளே திறந்து பார்ப்பதில்லை. 200 வந்ததும் 'சேர்ந்துவிட்டது' என்று போன் தன் பிரதியை அழித்துவிடும். அன்றைய கிலோ காணாமல் போனது மாதக் கடைசியில் சம்பளச் சீட்டைப் பார்த்தால்தான் தெரியும்.