டோல்கேட்ல மிஷின் படிக்கலைன்னா காசு யார் கொடுக்கணும்? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஃபாஸ்டேக் 2014லயே வந்துடுச்சுன்னு சொல்றாங்க. எங்க வீட்டு கார்ல 2021லதான் ஒட்டினோம். நல்ல டெக்னாலஜின்னா ஜனங்க தானாவே வாங்கியிருப்பாங்களே, ஏன் கட்டாயப்படுத்தணும்?
- வாசகர், திண்டிவனம்

பதில்: 2014ல அகமதாபாத் - மும்பை ரோட்ல சோதனைக்கு விட்டப்பவும், கார் கண்ணாடியில ஒட்டுற அந்த ஃபாஸ்டேக் ஸ்டிக்கர் இதே வேலையைத்தான் செஞ்சுது. மேல இருக்கிற ரீடர் ரேடியோ அலை அனுப்பும், ஸ்டிக்கர் தன் நம்பரைச் சொல்லும், கணக்குல காசு கழியும், அவ்ளோதான், பேட்டரிகூட கிடையாது. அப்புறம் ஏன் யாரும் வாங்கலைன்னா, டோல்கேட்ல ஒரு லேனுக்கு மட்டும் ஃபாஸ்டேக்னு போர்டு மாட்டுவாங்க, காசு கொடுக்கிற வண்டியும் அதுலயே வந்து நுழையும், டிரைவர் 500 ரூபா நோட்டை நீட்டுவாரு, சில்லறை இருக்கான்னு உள்ள தேடுவாங்க, பின்னாடி டேக் ஒட்டின வண்டி சும்மா நிக்கும். காசு போட்டு ஒட்டினவருக்கு ஒரு நிமிஷம்கூட மிச்சமாகலை. 2016-17ல 10 சதவீதம் கேஷ்பேக் கொடுத்தாங்க, அதுக்கும் பெருசா யாரும் அசையலை.

இதுல சிக்கல் என்னன்னா, முன்னாடி நிக்கிற வண்டியில டேக் இருந்தாத்தான் என் டேக்குக்கு மதிப்பு. இந்த மாதிரி முடிச்சை ஸ்டிக்கர் விக்கிற பேங்க் அவிழ்க்க முடியாதுங்க, விதி போடுற அரசாங்கம்தான் அவிழ்க்கணும். 2017 டிசம்பர் 1ல இருந்து புதுசா விக்கிற நாலு சக்கர வண்டியெல்லாம் டேக் ஒட்டித்தான் வெளிய வரணும்னு விதி வந்துச்சு, என்னைக் கேட்டா மொத்தத்துலயே உருப்படியான வேலை அதுதான், யாரும் போய் அலைய வேண்டியதில்ல, வண்டி வாங்கினா கூடவே வந்துடும். 2020 ஜனவரியில, 24 மணி நேரத்துக்குள்ள திரும்பி வந்தா கிடைக்கிற சலுகை டேக் இருந்தாத்தான்னு மாத்தினாங்க.

கட்டாயம் பண்ற தேதியைத்தான் இழுத்துக்கிட்டே போனாங்க. 2019 டிசம்பர் 1ன்னாங்க, 15ன்னாங்க, அப்புறம் 2021 ஜனவரி 1ன்னாங்க, ஒவ்வொரு தடவை தள்ளும்போதும் "பாத்துக்கலாம்"னு விட்டவங்கதான் அதிகம். 2021 பிப்ரவரி 15 நள்ளிரவுல எல்லா லேனும் ஃபாஸ்டேக் லேன், டேக் இல்லாத வண்டிக்கு ரெண்டு மடங்குன்னு அறிவிச்சதும்தான் நிலைமை மாறுச்சு. இப்போ 98 சதவீத வண்டிக்கு மேல டேக் இருக்கு. ஸ்டிக்கர் அதே ஸ்டிக்கர்தான், மாறினது விதி.

கேள்வி: டேக்ல 700 ரூபா இருந்துச்சு, ஆனா டோல்கேட் மிஷின் படிக்கலை. ரெண்டு மடங்கு கொடுங்கன்னாங்க. பின்னாடி ஒரே ஹாரன், கொடுத்துட்டு வந்துட்டேன். நான் செஞ்சது சரியா?
- வாசகி, விழுப்புரம்

பதில்: கொடுத்திருக்கவே வேண்டாம்மா. டேக் சரியா இருந்து, கணக்குல போதுமான பணமும் இருந்து, அவங்க மிஷின் கோளாறால காசு எடுக்க முடியலைன்னா வண்டியை இலவசமா விட்டுடணும், பூஜ்யம் ரூபான்னு ஒரு ரசீதும் கொடுக்கணும். 2018 மே மாசம் அரசிதழ்லயே வந்த விதி இது.

எனக்கும் இது நடந்திருக்கு. நல்ல மழை, ராத்திரி பத்து மணி இருக்கும், அந்தப் பையன் கையில பிடிக்கிற ஸ்கேனரை கண்ணாடி மேல ஒட்ட வெச்சு மூணு தடவை பார்த்தான், "சார் கொஞ்சம் பின்னாடி எடுங்க"ன்னான், அப்புறம் முன்னாடி எடுங்கன்னான், கடைசியில கேஷ் கேட்டான். பேலன்ஸைக் காட்டி விதியைச் சொன்னேன், அவனுக்கு நிஜமாவே தெரியலை, பாவம், யாரும் சொல்லிக்கொடுக்கலை. சூப்பர்வைசர் குடையோட வந்து பார்த்துட்டு ரசீது போடச் சொன்னாரு. பூஜ்யம் போட்ட அந்தச் சின்ன காகிதம் இன்னும் என் கார்ல இருக்கு. ரெண்டு மடங்குங்கிறதை எவ்ளோ பெரிய எழுத்துல போர்டுல போட்டிருக்காங்க, இந்த விதியையும் அதே சைஸ்ல பக்கத்துலயே எழுதி வைக்கணும். ஜனங்களைக் கட்டுப்படுத்துற விதி மட்டும் கண்ணுல படுது, டோல்கேட்காரங்களைக் கட்டுப்படுத்துற விதி படலைன்னா எந்தப் புது டெக்னாலஜி வந்தாலும் ஜனங்களுக்கு நம்பிக்கை வராதுங்க, இது எனக்கு ரொம்ப நாளா இருக்கிற ஆதங்கம்.

ஒரு விஷயம், பேலன்ஸ் இல்லாம இருந்தாலோ கேஒய்சி, அதாவது நம்ம அடையாளச் சரிபார்ப்பு, முடிக்காம டேக் பிளாக்லிஸ்ட் ஆகி முடங்கியிருந்தாலோ அது நம்ம தப்பு. அப்ப 2025 நவம்பர் 15ல வந்த விதிப்படி கேஷ்னா ரெண்டு மடங்கு, யுபிஐல கொடுத்தா ஒண்ணேகால் மடங்கு, அதாவது 100 ரூபா டோலுக்கு 125. டேக்கை கண்ணாடியில ஒட்டாம கையில வெச்சுக் காட்டினாலும் பிளாக்லிஸ்ட் பண்ணுவாங்க. புகார்னா தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033க்கு போன் பண்ணுங்க, ரசீதை மட்டும் பத்திரமா வைங்க.

கேள்வி: வருஷ பாஸ் வாங்கலாமா?
- வாசகர், திருச்சி

பதில்: அடிக்கடி சென்னை போறவர்னா தாராளமா வாங்கலாம். 2025 ஆகஸ்ட் 15ல ஆரம்பிச்சப்போ 3,000 ரூபாய்க்கு 200 பயணம், ஒரு டோல்கேட்டைத் தாண்டினா ஒண்ணு, ஆக தடவைக்கு 15 ரூபாதான். சொந்த கார், ஜீப், வேனுக்கு மட்டும்தான், டாக்சிக்கு கிடையாது. தேசிய நெடுஞ்சாலையிலதான் செல்லும், ஈசிஆர் உத்தண்டி மாதிரி மாநில ரோட்ல வழக்கம்போல காசு போகும்.

கேள்வி: சாட்டிலைட் டோல் வரப்போகுதாமே, கார்ல புதுசா பெட்டி வைக்கணுமா?
- வாசகி, சேலம்

பதில்: விதியில இடம் இருக்கு. 2024 செப்டம்பர்ல திருத்தம் பண்ணி, எவ்ளோ தூரம் போச்சுன்னு சாட்டிலைட் மூலமா கணக்கு பண்ற கருவி வெச்ச வண்டிக்கு ஒரு நாளைக்கு முதல் 20 கிலோமீட்டர் இலவசம்னு எழுதினாங்க. 2025 மே 1ல இருந்து நாடு முழுக்க வருதுன்னு வாட்ஸ்அப்ல பரவினதும், அப்படி எந்த முடிவும் இல்லைன்னு சாலைப் போக்குவரத்து அமைச்சகமே மறுத்துச்சு. அதனால இப்ப எதையும் வாங்காதீங்க, யாராவது விக்க வந்தாலும் வேண்டாம்னுடுங்க.

வரும்போது சிங்கப்பூர் செஞ்ச மாதிரி செஞ்சா நல்லது. அங்க 1975ல இருந்து காகிதச் சீட்டை கண்ணாடியில ஒட்டித்தான் நகர மையத்துக்குள்ள போனாங்க, 1998ல மின்னணு முறைக்கு மாறுறதுக்கு முன்னாடி இருக்கிற வண்டிகளுக்கெல்லாம் அரசாங்கமே கருவியை இலவசமா மாட்டிக் கொடுத்துச்சு, அதுக்கப்புறம்தான் காசு எடுக்க ஆரம்பிச்சாங்க. இங்கயும் பெட்டிக்கு யார் காசு, நம்ம வண்டி எங்கெங்க போச்சுங்கிற விவரம் யார் கையில எத்தனை நாள் இருக்கும், தப்பா காசு எடுத்தா எத்தனை நாள்ல திருப்பித் தருவாங்க, இந்த மூணையும் முதல்லயே விதியா எழுதிட்டு அப்புறம் வேலையை ஆரம்பிக்கட்டும்.