சம்பளச் சீட்டு இல்லாமல் வருமானத்தைக் காட்டுவது எப்படி?

மகள் மூன்று வருடமாக ஃப்ரீலான்ஸ் டிசைன் வேலை பார்க்கிறாள், ஸ்பெயினிலோ போர்ச்சுகலிலோ போய்த் தங்கி அதே வேலையைத் தொடர ஆசைப்படுகிறாள், ஆனால் காட்டுவதற்குச் சம்பளச் சீட்டு கிடையாது, விண்ணப்பிக்கும் முன் நாங்கள் அவள் கணக்கில் ஒரு தொகையைப் போட்டு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடாதீர்கள். அவளுக்கு வருமானம் இருக்கிறது, அதைக் காகிதத்தில் கொண்டுவருவதுதான் வேலை. நீங்கள் போடும் பணம் அந்த வேலையைக் கெடுத்துவிடும்.

விசா அதிகாரி ஸ்டேட்மென்ட்டின் கடைசி வரியில் இருக்கும் இருப்பை மட்டும் பார்ப்பதில்லை. ஓரளவு சீராக ஏறி இறங்கும் கணக்கில், விண்ணப்பத்துக்குப் பத்து நாள் முன்னால் ஒரு பெரிய தொகை வந்து உட்கார்ந்தால் அவர் கண் முதலில் அங்கேதான் போகும். இது யார் பணம், கடனா, விசா வந்ததும் திரும்பிப் போய்விடுமா? இப்படிப்பட்ட பணத்தைத் தவிர்க்கத்தான் பிரிட்டன் மாணவர் விசாவுக்குத் தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருந்திருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது.

அடுத்து, எந்த விசா என்பதில் தெளிவு வேண்டும். ஸ்பெயினில் சேமிப்பிலும் ஓய்வூதியத்திலும் வாழ்பவர்களுக்கென்று ஒரு விசா உண்டு. அதில் வேலை செய்யவே அனுமதி இல்லை. அந்த விண்ணப்பத்தோடு இன்வாய்ஸ்களை, அதாவது செய்த வேலைக்கு வாடிக்கையாளருக்கு அனுப்பிய பில்களை, அடுக்கிக் கொடுத்தால் நமக்கு எதிராக நாமே சாட்சி சொன்ன மாதிரி ஆகும். பிரான்ஸின் நீண்டகால விசிட்டர் விசாவும் இதே ரகம்தான், வேலை பார்க்கமாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். உங்கள் மகளுக்குப் பொருந்துவது டிஜிட்டல் நோமேட் விசா, அதாவது அங்கே தங்கிக்கொண்டு வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு இணையம் வழியாக வேலை செய்பவர்களுக்கான விசா. போர்ச்சுகல் அதை 2022 அக்டோபர் இறுதியில் தொடங்கியது, ஸ்பெயின் அதே வருட டிசம்பரில் இயற்றிய ஸ்டார்ட்அப் சட்டத்தின் வழியாகக் கொண்டுவந்தது.

போர்ச்சுகல் தன் நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல் 4 மடங்கு மாத வருமானம் கேட்கிறது, ஸ்பெயின் 2 மடங்கு. ஊதியம் உயர்ந்தால் வரம்பும் உயரும். போர்ச்சுகலில் 2024-இல் 3,280 யூரோவாக இருந்தது 2025-இல் 3,480 ஆனது. அதனால் யாரோ முன்பு சொன்ன தொகையை வைத்துக் கணக்குப் போடாமல், தூதரகம் இன்று வெளியிட்டிருக்கும் பட்டியலைப் பாருங்கள். ஸ்பெயினில் கூடுதலாகச் சில நிபந்தனைகள் உண்டு: வாடிக்கையாளருடன் குறைந்தது 3 மாதத் தொடர்பு இருக்க வேண்டும், அந்த நிறுவனம் ஒரு வருடமாவது இயங்கியிருக்க வேண்டும், ஸ்பெயின் நிறுவனங்களுக்குச் செய்யும் வேலை மொத்தத்தில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. போர்ச்சுகல் கடைசி 3 மாதச் சராசரியைப் பார்க்கிறது. ஃப்ரீலான்ஸில் வறண்ட மாதங்கள் வருவது சகஜம், ஆகவே வேலை நன்றாக நடந்த காலாண்டு முடிந்ததும் விண்ணப்பிப்பது புத்திசாலித்தனம்.

சரி, ஆவணங்களுக்கு வருவோம். இன்வாய்ஸ், வங்கி வரவு, வரிக் கணக்கு ஆகிய மூன்றும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். தனித்தனியே பார்த்தால் மூன்றும் சரியாகத்தான் இருக்கும், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் இடிக்கும். மகள் ஒரு மாதத்தில் 400, 650, 300 டாலருக்கு மூன்று இன்வாய்ஸ் அனுப்புகிறாள் என்று வையுங்கள். மொத்தம் 1,350. வேலை வாங்கித் தரும் தளம் 10 சதவீதம் கமிஷன் எடுத்தால் 1,215. பணத்தை வங்கிக்கு மாற்றக் கட்டணம் 5 டாலர், ஆக 1,210. அதுவும் உள்ளூர் நாணயமாக மாறி, ஒரே வரவாக, அடுத்த மாதம் 4-ஆம் தேதி விழுகிறது. ஸ்டேட்மென்ட்டில் தெரிவது தளத்தின் பெயரும் ஏதோ ஒரு தொகையும்தான். மூன்று இன்வாய்ஸையும் இந்த ஒற்றை வரியையும் அதிகாரி தானாக இணைத்துப் பார்ப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

அதனால் எக்செல்லில் ஓர் அட்டவணை போடச் சொல்லுங்கள். இன்வாய்ஸ் எண், தேதி, வாடிக்கையாளர், தொகை, பிடித்தம், வரவு விழுந்த தேதி, ஸ்டேட்மென்ட்டில் எத்தனையாவது பக்கம். கடைசி 12 மாதத்துக்கு இருந்தால் நல்லது, 6 மாதத்துக்குக் குறையக் கூடாது. ஸ்டேட்மென்ட்டில் அந்த வரிகளின் ஓரமாக இன்வாய்ஸ் எண்ணைப் பென்சிலால் எழுதி வைக்கலாம். தளத்திலிருந்து எடுத்த வருமான அறிக்கையைப் பின்னால் சேருங்கள். நிரந்தர வாடிக்கையாளர்களிடம் எத்தனை காலமாக வேலை தருகிறார்கள், சராசரியாக எவ்வளவு, இனியும் தொடருமா, இவள் வெளிநாட்டிலிருந்து செய்வதில் ஆட்சேபம் இல்லையா என்று லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வாங்கச் சொல்லுங்கள். ஒப்பந்தம் இருந்தால் அதுவும்.

நிறைய பேர் மாட்டிக்கொள்வது வரியில். வரி கட்டும்போது வருமானத்தைக் குறைத்துக் காட்டிவிட்டு, விசாவுக்கு மட்டும் நிறைய என்றால் எப்படி நம்புவார்கள்? கணினி, மென்பொருள், இன்டர்நெட் என்று நியாயமான செலவுகளைக் கழித்ததால் நிகர வருமானம் குறைந்திருந்தால் பிரச்சினை இல்லை. மொத்த வரவு, செலவு, நிகரம் மூன்றையும் காட்டும் சான்று ஒன்றை ஆடிட்டரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் வரம்பை மொத்தத்தோடு ஒப்பிட்டுச் சந்தோஷப்படாதீர்கள், நிகரத்தோடு ஒப்பிடுங்கள். கணக்கே தாக்கல் செய்யவில்லை என்றால் முதலில் அதை முடித்துவிட்டு வாருங்கள்.

சேமிப்பு வேறு விஷயம். அதைத் தனிக் கணக்கில் வைத்தால் வருமானக் கணக்கு தெளிவாக இருக்கும். ஃபிக்சட் டெபாசிட்டாக இருந்தால், வேண்டும்போது உடைத்து எடுக்கலாம் என்று வங்கியில் எழுதி வாங்குங்கள். நீங்கள் நிஜமாகவே மகளுக்குக் கொடுக்க நினைத்தால் தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் பல மாதம் முன்பே வங்கி வழியாகக் கொடுத்து, திருப்பிக் கேட்காத அன்பளிப்பு என்று கடிதம் எழுதி, உங்கள் பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு உங்கள் ஸ்டேட்மென்ட்டையும் சேருங்கள். அப்போதும் அது சேமிப்புதான், வருமானத்தில் சேராது.

"இருப்பு காட்டித் தருகிறோம்" என்று சொல்லும் ஏஜென்ட் யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். பிரிட்டனில் போலி ஆவணம் கொடுத்து மாட்டினால் 10 வருடம்வரை விசா மறுக்கப்படும். மறுப்பு வந்தால் மற்ற நாடுகளின் படிவங்களிலும் அதைச் சொல்லியாக வேண்டியிருக்கும்.

இந்த வாரம் மகளை அந்த அட்டவணையை மட்டும் போடச் சொல்லுங்கள். இன்வாய்ஸ் இல்லாத வரவு எத்தனை என்று அப்போது தெரிந்துவிடும். அந்த வாடிக்கையாளர்களுக்கு உடனே மெயில் போட்டு, எந்த வேலைக்கு, எந்தத் தேதியில், எவ்வளவு கொடுத்தோம் என்று எழுதி வாங்கட்டும். அப்பாயின்ட்மென்ட் தேதியை அதற்கு அப்புறம் பார்க்கலாம்.