மரமும் மண்ணும் கரிமத்தை உறிஞ்சுமாம். 30 ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: பேராவூரணிப் பக்கம் கடைமடையில் எனக்கு நான்கு ஏக்கர் நிலம் இருக்கிறது. இரண்டு ஏக்கரில் சம்பா நெல். மற்ற இரண்டு ஏக்கரில் கஜா புயலில் விழுந்த தென்னைக்குப் பதிலாக வைத்த கன்றுகள் இப்போதுதான் காய்ப்புக்கு வந்திருக்கின்றன. சென்ற மாதம் ஒரு நிறுவனத்தின் முகவர் வந்தார். “உங்கள் மரமும் மண்ணும் காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சுகின்றன. அதற்குக் கார்பன் கிரெடிட் பணம் வரும். நெல் வயலிலும் மரம் வைத்துவிடுங்கள், 30 ஆண்டு ஒப்பந்தம்” என்கிறார். எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகளோ, கடலும் காடும்தான் உறிஞ்சும் என்று பாடத்தில் இருப்பதாகச் சொல்கிறாள். யார் சொல்வது சரி? கையெழுத்துப் போடலாமா? மண்ணில் கரிமம் சேர நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: மகள் சொல்வதும் சரி, முகவர் சொல்வதும் சரி. ஆனால் முகவர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். கார்பன் கிரெடிட் என்பது காற்றில் சேராமல் பிடித்து வைத்த கரியமில வாயுவுக்குத் தரும் சான்று; அதை நிறுவனங்கள் விலைக்கு வாங்கும். இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். காரணத்தைச் சொல்லிவிட்டு, நீங்கள் செய்யக்கூடியதற்கு வருகிறேன்.

ஓர் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். வரத்து வாய்க்காலில் தண்ணீர் வருகிறது. மதகு வழியாகப் போகிறது. வெயிலிலும் கொஞ்சம் போகிறது. வந்தது எவ்வளவு என்பதை வைத்து யாரும் பாசனத்தைத் திட்டமிடுவதில்லை. ஏரியில் நிற்பது எவ்வளவு என்றுதான் பார்க்கிறோம். கடல், காடு, மண் மூன்றும் கரிமத்துக்கு இப்படிப்பட்ட ஏரிகள். முகவர் உங்களுக்குக் காட்டியது வரத்து வாய்க்காலை மட்டுமே. மதகைப் பற்றி அவர் பேசவில்லை.

உலகக் கணக்கு முதலில். நிலக்கரி, பெட்ரோலியம், எரிவாயு, சிமென்ட் ஆகியவற்றால் இப்போது ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி டன் கரியமில வாயு வெளியேறுகிறது. காடழிப்பு போன்றவற்றால் ஏறக்குறைய இன்னொரு 400 கோடி டன். இதில் பாதிக்குச் சற்றுக் குறைவானது காற்றிலேயே தங்கிவிடுகிறது. கால் பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானதைக் காடுகளும் மண்ணும் வாங்கிக்கொள்கின்றன. இந்த உதவி மட்டும் இல்லாதிருந்தால் காற்றில் சேர்ந்திருப்பது இரு மடங்காகியிருக்கும்.

கடல் வாங்குவது இரண்டு வழிகளில். குளிர்ந்த நீரில் வாயு அதிகம் கரையும். அந்தக் கனமான நீர் வட அட்லாண்டிக்கிலும் தென்முனைக் கடலிலும் ஆழத்துக்கு இறங்கும்போது கரைந்த கரிமமும் கூடவே இறங்குகிறது. மேற்பரப்பில் மிதக்கும் நுண்ணிய பாசிகள் ஒளிச்சேர்க்கையால் வாங்கியதில் சிறு பகுதி, அவை செத்து மூழ்கும்போது அடிக்குப் போகிறது. இதற்கு ஒரு விலையும் உண்டு. கரைந்த வாயு அமிலமாகிறது. தொழிற்புரட்சிக் காலத்திலிருந்து கடல் மேற்பரப்பின் அமிலத்தன்மை ஏறக்குறைய 30 சதவீதம் கூடியிருக்கிறது. சிப்பிக்கும் பவளத்துக்கும் ஓடு கட்டுவது கடினமாகிறது. கடல் சூடாக ஆக, அது வாங்கும் திறனும் குறையும். வெயிலில் வைத்த சோடா வாயுவை விட்டுவிடுவதைப் பார்த்திருப்பீர்கள்.

மகளை ஒரு நாள் மனோராப் பக்கம் கடற்கரைக்கு அழைத்துப் போங்கள். கரை ஒதுங்கிக் கிடக்கும் நீண்ட பச்சை இலைகளை மீனவர்கள் தாழை என்பார்கள். அது கடற்புல். பாக் விரிகுடாவில் உங்கள் மாவட்டக் கரையையும் புதுக்கோட்டைக் கரையையும் ஒட்டிய 448 சதுர கிலோமீட்டரை 2022-ல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்ததே, அந்தக் கடற்பசு மேய்வது இந்தப் புல்லைத்தான். வேர்களும் உதிர்ந்த இலைகளும் மணலுக்கும் சேற்றுக்கும் அடியில் புதைந்து, காற்றுப்படாமல் நெடுங்காலம் கிடக்கின்றன. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டிலும் இதேதான் நடக்கிறது. அங்கே கரிமத்தின் பெரும்பகுதி மரத்தில் இல்லை, சேற்றில் இருக்கிறது. பிராணவாயு புகாத சேற்றில் இலையும் வேரும் சரியாக மட்குவதில்லை. கஜா அந்த மரங்களைப் பெருமளவு முறித்தது. ஆனால் சேறு கலையாதவரை அதற்குள் புதைந்தது மரத்தோடு போய்விடாது.

மேட்டுநிலத்து மரத்தின் கதை வேறு, அதை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மரத்தின் உலர்ந்த எடையில் ஏறக்குறையப் பாதி கரிமம். முப்பது, நாற்பது ஆண்டுகளாக உங்கள் தோப்பு சேர்த்து வைத்திருந்ததை 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடிவதற்குள் காற்று சாய்த்துவிட்டது. விழுந்தவற்றில் எரித்தவை அன்றே வாயுவாகப் போயின. செங்கல் சூளைக்குப் போனவையும் அப்படியே. கிடந்து மட்கியவை சில ஆண்டுகளில் போயின. அறுத்து உத்தரமாகவும் தூணாகவும் வைத்தவை மட்டும் இன்றும் கரிமத்தைத் தாங்கி நிற்கின்றன. மரம் வளரும்போது வாங்குகிறது என்பது உண்மை. அது நிற்கும்வரைதான் வைத்திருக்கிறது என்பதும் அதே அளவு உண்மை. அமேசான் காட்டின் தென்கிழக்குப் பகுதியில் 2010 முதல் 2018 வரை விமானத்தில் பறந்து காற்றை அளந்தார்கள். வெட்டும் தீயும் வறட்சியும் சேர்ந்து, அந்தப் பகுதி வாங்குவதைவிட அதிகமாக வெளியிடுகிறது என்று தெரிந்தது. காடே மதகு திறந்துவிடும் காலத்தில், புயல் பாதையில் இருக்கும் தோப்புக்கு 30 ஆண்டு உத்தரவாதம் யார் கொடுப்பது? ஒப்பந்தத்தில் நீங்கள் பார்க்க வேண்டிய முதல் வரி அது.

இனி மண். மகளின் பாடத்தில் இது விடுபட்டிருந்தால் எனக்கு வருத்தம்தான், ஏனென்றால் நான் வாழ்நாள் முழுக்கப் பார்த்தது இதைத்தான். உலக மண்ணின் மேல் ஒரு மீட்டரில் இருக்கும் கரிமம், காற்றில் இருப்பதைப் போல் இரு மடங்குக்கு அருகில் வரும். எல்லா மரஞ்செடிகொடிகளிலும் இருப்பதைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. வேர், சருகு, சாணம் எதுவாக இருந்தாலும் மண்ணுக்குள் போனதும் நுண்ணுயிர்கள் தின்கின்றன. தின்றதில் பெரும்பங்கை அவை கரியமில வாயுவாக மூச்சு விட்டுவிடுகின்றன. நம் வெப்பத்தில் இந்த வேகம் அதிகம். மிஞ்சிய சிறு பங்கு களிமண் துகள்களில் ஒட்டிக்கொண்டோ, மண் உருண்டைகளுக்குள் அடைபட்டோ தப்பிக்கிறது. தங்குவது அதுதான். அதனால் களிமண் வயல் கரிமத்தைப் பிடித்து வைக்கும். மணற்பாங்கான தென்னந்தோப்பு அவ்வளவு வைக்காது. உங்கள் நான்கு ஏக்கருக்கும் ஒரே கணக்குப் போட்டால் அது தவறான கணக்கு.

மண் என்ற ஏரிக்கு, நிரம்பியதும் வழிந்தோடும் கலிங்கும் உண்டு. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட்டில் 1843 முதல் ஒரே வயலில் ஆண்டுதோறும் தொழு உரம் இட்டு வருகிறார்கள். அந்த வயலின் கரிமம் உரமிடாத பகுதியில் இருப்பதைவிட இரு மடங்குக்கும் மேல் உயர்ந்தது. முதல் சில பத்தாண்டுகள் வேகமாக ஏறியது, பிறகு ஏற்றம் மெதுவானது. அதே முறையைப் பின்பற்றிக் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் 1909-ல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை இன்றும் நடக்கிறது. அங்கும் தொழு உரம் இட்ட பாத்திகளே கரிமத்தில் முன்னே நிற்கின்றன. முகவர் “ஆண்டுதோறும் இதே அளவு ஏறும்” என்று 30 ஆண்டுக்கு நேர்கோடு போட்டுக் காட்டியிருந்தால், அந்தக் கோடு பொய்.

பணக் கணக்கையும் நீங்களே போட்டுவிடலாம். ஓர் ஏக்கரில் 15 செ.மீ. ஆழம்வரை உள்ள மண் சுமார் 850 டன் எடை இருக்கும். மண்வள அட்டையில் கரிமச் சத்து 0.4 சதவீதம் என்றிருப்பது 0.5 ஆனால், கூடியது 0.85 டன் கரிமம். கரியமில வாயுவாக மாற்ற 3.67-ஆல் பெருக்குங்கள்: சுமார் மூன்று டன். ஒரு டன்னுக்கு ஒரு கிரெடிட். அந்த 0.1 சதவீதம் ஏற, ஏக்கருக்கு ஆண்டுதோறும் 5 டன் தொழு உரம் இட்டாலும் ஐந்து முதல் எட்டு ஆண்டு ஆகும் என்று வைத்துக்கொள்வதே நல்லது. ஆக, இரண்டு ஏக்கர் நெல் வயலில் அத்தனை ஆண்டுகளுக்கும் சேர்த்து ஆறு கிரெடிட். முகவர் சொன்ன விலையை ஆறால் பெருக்கி, அளவீட்டுச் செலவையும் நிறுவனத்தின் பங்கையும் கழித்துப் பாருங்கள். ஏற்கெனவே நிற்கும் தென்னைக்குப் பொதுவாகக் கிரெடிட் கிடையாது. திட்டத்தால் புதிதாகக் கூடியதை மட்டுமே கணக்கில் எடுப்பார்கள். பக்கத்து ஊர்ச் சாணத்தை லாரியில் கொண்டுவந்து கொட்டினாலும் உலகக் கணக்கில் பெரிதாக ஒன்றும் கூடுவதில்லை, அந்த ஊரில் சேர வேண்டியது இங்கே சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மரம் வைத்தால் மண்ணைவிட அதிகக் கிரெடிட் வரும், அது உண்மை. ஆனால் சம்பா வயலை முப்பது ஆண்டுக்கு மரத்துக்குக் கொடுத்துவிட்டால் வீட்டுக்கு அரிசி எங்கிருந்து வரும் என்பதையும், நடுவில் மகள் படிப்புக்கு மரத்தை வெட்டி விற்கலாமா என்பதையும் ஒப்பந்தம் சொல்ல வேண்டும். புயலில் மரம் போனால் வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா? ஒப்பந்தம் முடிவதற்குள் நிலத்தை அடமானம் வைக்க முடியுமா? இவை எழுத்தில், தமிழில், உங்கள் கையில் ஒரு பிரதியாக இருக்க வேண்டும். முழு ஒப்பந்தத்தையும் தமிழில் தர மறுப்பவரோடு பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். மரம்தான் ஆசை என்றால் வயல் வரப்பிலும் தோப்பின் எல்லையிலும் வையுங்கள். அதற்கு யாரிடமும் ஒப்பந்தம் வேண்டாம்.

நீங்கள் செய்ய வேண்டியதில் தோப்பிலிருந்து தொடங்குகிறேன். ஒரு தென்னை ஆண்டுக்கு ஏறக்குறைய 12 மட்டைகளை உதிர்க்கிறது. ஏக்கருக்கு 70 மரம் என்றால் எண்ணூறுக்கும் மேற்பட்ட மட்டைகள். இவற்றை எரிப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். நறுக்கி வட்டப்பாத்தியில் மூடாக்காகப் போடுங்கள். காய்ந்த உரிமட்டைகளை மரத்துக்கு மரம் இடையில் குழியெடுத்து, குழிவான பக்கம் மேல்நோக்கி அடுக்கிப் புதைத்தால் மணல் நிலத்தில் ஈரமும் நிற்கும். நார்க்கழிவை மட்க வைத்துத்தான் இட வேண்டும், பச்சையாக இட்டால் மண்ணிலிருக்கும் தழைச்சத்தை அது இழுத்துக்கொள்ளும். இடைவெளியில் மழைக்கு முன் சணப்போ கொளுஞ்சியோ விதையுங்கள். ஓர் எச்சரிக்கை: குப்பைமேட்டிலும் மட்கும் தென்னந்தண்டிலும் காண்டாமிருக வண்டு முட்டையிடும். எருக்குழியை மாதம் ஒருமுறை கிளறிப் புழுக்களைப் பொறுக்கி அழியுங்கள். கஜாவுக்குப் பின் விழுந்து கிடந்த தண்டுகளே வண்டுக்கு வீடாகின என்பது நினைவிருக்கும். இதில் சந்தேகம் வந்தால் வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையம் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது.

நெல் வயலில் நான் அதிகம் கவலைப்படுவது கரியமில வாயுவுக்காக அல்ல, மீத்தேனுக்காக. பிராணவாயு இல்லாத சேற்றில் நுண்ணுயிர்கள் உருவாக்கும் வாயு அது. அலையாத்திச் சேறும் நெல் வயல் சேறும் பார்வைக்கு ஒன்றுதான், இரண்டிலும் பிராணவாயு இல்லை. ஆனால் கடல்நீரில் சல்பேட் இருப்பதால் அங்கே மீத்தேன் உருவாவது பெருமளவு தடுக்கப்படுகிறது. நன்னீர் நிற்கும் வயலில் அந்தத் தடை இல்லை. ஒரு டன் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். மண்ணில் சேர்த்த கரிமத்தின் பயனை நின்ற தண்ணீர் இப்படித் தின்றுவிடக்கூடும்.

இதற்கு நம் பெரியவர்கள் சொல்லும் காய்ச்சலும் பாய்ச்சலுமே மருந்து. துளையிட்ட ஒரு முழம் பிளாஸ்டிக் குழாயை 15 செ.மீ. புதைத்து, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிடுங்கள். குழாயில் தண்ணீர் மண்மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இறங்கிய பிறகு, 5 செ.மீ. நிற்கப் பாய்ச்சுங்கள். நட்ட இரண்டு வாரத்துக்குப் பின் தொடங்கலாம். பூக்கும் தருணத்தில் மட்டும் காயவிடாதீர்கள். மீத்தேன் ஏறக்குறையப் பாதியாகக் குறையும். வடகிழக்குப் பருவமழை கொட்டும் கார்த்திகையில் கடைமடைச் சம்பாவுக்கு இது கைகூடாது என்பதை நான் அறிவேன். மழை ஓய்ந்த மார்கழி, தை நாட்களில் செய்தாலே பயன் உண்டு.

பச்சை வைக்கோலை நடவுக்குச் சில நாள் முன்பு மடக்கி உழுது தண்ணீர் கட்டுவதைப் போல மீத்தேனைப் பெருக்கும் செயல் வேறில்லை. வைக்கோலை மாட்டுக்குக் கொடுத்து எருவாக்கி, நன்கு மட்கிய பின் இடுங்கள். அல்லது நடவுக்கு ஒரு மாதத்துக்கும் முன்பாகவே உழுது, ஈரம் தேங்காத வயலில் மட்கவிடுங்கள். சம்பா அறுப்புக்கு முன் ஈரத்தில் உளுந்து தெளிக்கும் டெல்டாப் பழக்கத்தை விடாதீர்கள். தரிசாகக் காய வேண்டிய நிலத்தில் அந்த நாட்களிலும் வேர் வேலை செய்கிறது. 0.5 சதவீதத்துக்குக் கீழே கரிமம் உள்ள மண்ணைக் குறைவு என்று மண்வள அட்டை சொல்லும். அதைத் தாண்டினால் ஈரம் பிடிக்கும் தன்மையும் உரத்தைத் தாங்கும் தன்மையும் வயலில் தெரியும். கிரெடிட் வந்தாலும் வராவிட்டாலும் இது உங்களுடையது.

தொடங்கும் முன் இருப்பை அளந்துவிடுங்கள். அடுத்த அறுவடை முடிந்ததும், எரு எதுவும் இடுவதற்கு முன், நெல் வயலில் பத்துப் பன்னிரண்டு இடங்களில் 15 செ.மீ. ஆழத்துக்கு ‘வி’ வடிவக் குழி வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சுரண்டிக் கலந்து அரை கிலோவாகக் குறையுங்கள். தோப்பு மண்ணைத் தனிப் பையில் எடுங்கள்; அதிலும் வட்டப்பாத்தி மண்ணையும் இடைவெளி மண்ணையும் கலக்காதீர்கள். மூன்று பைகள் ஆகும். பையில் இடத்தையும் தேதியையும் எழுதி மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். மூன்று ஆண்டு கழித்து அதே மாதத்தில், அதே இடங்களில், அதே ஆழத்தில் மறுபடி எடுங்கள். பையில் எழுதும் வேலையை மகளிடம் கொடுக்கலாம்.