தைராய்டு புற்றுநோய் எலும்புக்குப் போனால்?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. சில வருடங்களுக்கு முன் ஃபோலிக்குலர் வகை தைராய்டு புற்றுநோய் என்று சுரப்பியை முழுவதுமாக எடுத்துவிட்டு, கதிரியக்க அயோடின் சிகிச்சையும் கொடுத்தார்கள். ரெண்டு மாதமாக முதுகு வலி, ராத்திரி படுத்தால் இன்னும் அதிகம். தேய்மானம்தான் என்று வலி மாத்திரை போட்டுக்கொள்கிறார். டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) ரத்தப் பரிசோதனை சரியாகத்தான் இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

பதில்: பயம் வேண்டாம், ஆனால் வலி மாத்திரையோடு விடவும் வேண்டாம். இந்த வாரமே சிகிச்சை கொடுத்த டாக்டரிடம் அழைத்துப் போங்கள். முதுகு வலிகளில் பெரும்பாலானவை தேய்மானமோ தசைப்பிடிப்போதான், சரி. ஆனால் ஃபோலிக்குலர் வகை ரத்தத்தின் வழியாகப் பரவக்கூடியது, நுரையீரலுக்கு அடுத்தபடி அது அதிகம் போவது எலும்புக்குத்தான், அதுவும் முதுகெலும்பு, இடுப்பெலும்பு, விலா எலும்பு, தொடை எலும்பு மாதிரி இடங்களுக்கு, அதுவும் ஆபரேஷன் முடிந்து பல வருடம் கழித்துக்கூட. ஓய்வெடுத்தாலும் குறையாத, ராத்திரியில் கூடுகிற வலி என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் நான் அலட்சியப்படுத்த மாட்டேன்.

டி.எஸ்.எச். சரியாக இருப்பதால் நிம்மதி அடையாதீர்கள். சுரப்பிக்குப் பதிலாகப் போடுகிற தைராக்சின் ஹார்மோன் மாத்திரையின் அளவு போதுமா என்றுதான் அது சொல்லும், புற்றுநோய் திரும்பியதா என்று சொல்லாது. அதற்குப் பார்க்க வேண்டியது தைரோகுளோபுலின் என்ற ரத்தப் பரிசோதனை, அது தைராய்டு செல்கள் மட்டும் உண்டாக்குகிற ஒரு புரதம். சுரப்பியை எடுத்து, அயோடினும் கொடுத்த பிறகு அந்த அளவு ஏறக்குறைய இல்லை என்கிற அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே போனால் எங்கோ செல்கள் வளர்கின்றன என்று அர்த்தம். கூடவே தைரோகுளோபுலின் எதிர்ப்பொருளையும் பார்க்கச் சொல்லுங்கள், அது ரத்தத்தில் இருந்தால் தைரோகுளோபுலின் அளவு பொய்யாகக் குறைந்து தெரியலாம்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றாலும் விட்டுவிடாதீர்கள். எலும்பு நிறையக் கரைந்த பிறகுதான் அதில் தெரியும். இந்த நோய் எலும்பை அரிக்கிற வகை என்பதால் சாதாரண எலும்பு ஸ்கேன்கூடச் சில நேரம் தவறவிடும். முதுகுக்கு எம்.ஆர்.ஐ. நல்லது, தேவைப்பட்டால் அயோடின் ஸ்கேனோ, உடல் முழுவதும் தேடுகிற பெட் சிடி ஸ்கேனோ எடுப்பார்கள்.

ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள்: கால் பலவீனமாவது, மரத்துப்போவது, சிறுநீர் போக முடியாமலோ அடக்க முடியாமலோ ஆவது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். தண்டுவடம் அழுத்தப்பட்டால் சில மணி நேரத் தாமதம்கூட நடையைப் பறித்துவிடும்.

கேள்வி: என் கணவருக்கு இடுப்பெலும்பில் பரவிவிட்டது என்கிறார்கள். இனி எதுவும் செய்ய முடியாதா? அயோடின் கொடுத்தால் போய்விடுமா?

பதில்: செய்ய நிறைய இருக்கிறது. தைராய்டு செல் அயோடினை இழுத்துக்கொள்ளும், அந்தக் குணத்தையே பயன்படுத்தித்தான் கதிரியக்க அயோடின் கொடுக்கிறார்கள். பரவிய தைராய்டு புற்றுநோயில் அது வேலை செய்ததை 1946-லேயே மருத்துவ இதழில் பதிவு செய்துவிட்டார்கள். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும்: நுரையீரலுக்குப் பரவிய சின்னச் சின்னப் புள்ளிகள் அயோடினுக்குக் கேட்கிற அளவுக்கு எலும்புக்குப் பரவியது கேட்காது, முழுவதுமாகப் போய்விடும் என்று யாரும் உறுதி தர முடியாது. அதனால் பல சிகிச்சைகளைச் சேர்த்துத்தான் செய்வார்கள். ஒரே ஒரு இடத்தில் இருந்தால் ஆபரேஷனில் எடுத்துவிட முடியுமா என்று கட்டாயம் கேளுங்கள். வலி குறையவும், எலும்பு உடைகிற ஆபத்தைக் குறைக்கவும் வெளியிலிருந்து கதிர்வீச்சு கொடுப்பார்கள். எலும்பு மேலும் அரிக்காமல் இருக்க சோலெட்ரோனிக் அமிலமோ டெனோசுமாப்போ ஊசியாகப் போடுவார்கள், அதற்கு முன்னால் பல் டாக்டரைப் பார்த்து எடுக்க வேண்டிய பல்லை எடுத்துவிடுங்கள், ஊசி போட்ட பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம்.

செல்கள் அயோடினை இழுப்பதை நிறுத்திவிட்டால் லென்வாடினிப், சோராஃபெனிப் மாதிரி மாத்திரைகள் இருக்கின்றன. ரத்த அழுத்தம் ஏறும், வயிற்றுப்போக்கு வரும், களைப்பு இருக்கும், ஆனால் நோயை நிறுத்தி வைக்கும். கட்டியில் மரபணு சோதனை செய்யச் சொல்லுங்கள், ரெட் மரபணுவில் மாற்றம் இருந்தால் அதற்கென்றே செல்பெர்காடினிப் இருக்கிறது. எலும்புக்குப் பரவிய பிறகும் வருடக்கணக்கில் வேலை, வீடு என்று இருப்பவர்கள் உண்டு.

கேள்வி: எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க வருடா வருடம் கழுத்து ஸ்கேன் எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். தென்கொரியாவில் அப்படி எல்லோருக்கும் ஸ்கேன் எடுத்தபோது 1993-க்கும் 2011-க்கும் நடுவே கண்டுபிடிக்கப்பட்டவர்கள் 15 மடங்கு ஆனார்கள், ஆனால் இறப்பு குறையவில்லை, தேவையில்லாமல் சுரப்பியை இழந்தவர்கள்தான் அதிகம். கழுத்தில் வளர்கிற கட்டி, மாறாத குரல் கரகரப்பு, சிறு வயதில் கழுத்தில் கதிர்வீச்சு சிகிச்சை, குடும்பத்தில் மெடுல்லரி என்ற, பரம்பரையாகவும் வரக்கூடிய வகை தைராய்டு புற்றுநோய், இவற்றில் ஏதாவது இருந்தால் மட்டும் போய்க் காட்டுங்கள்.