நானோ ஆக்சைடு, அதாவது நானோமீட்டர் அளவு உலோக ஆக்சைடு பொடி பண்றவங்க கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கேள்வி: அண்ணா, ஜிங்க் அசிடேட் கரைசல்ல சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு, வெள்ளையா விழுந்தத 80 டிகிரில காய வச்சேன். எக்ஸ்ஆர்டில (எக்ஸ்ரே விட்டு என்ன கிறிஸ்டல்னு பாக்கறது) தெரியாத பீக் எல்லாம் வருது. பிராஜக்ட் போச்சா?

பதில்: போகல தம்பி. ஒண்ணு, சோடியம் அசிடேட் சரியா கழுவப்படாம உள்ள நிக்குது. இல்லன்னா ஜிங்க் ஹைட்ராக்சைடு முழுசா ஆக்சைடா மாறல. கழுவுன தண்ணி பிஹெச் 7க்கு வர்ற வரைக்கும் கழுவிட்டு, 400 டிகிரில ரெண்டு மணி நேரம் ஃபர்னஸ்ல வை. எக்ஸ்ஆர்டி கிராஃப்ல 31.8, 34.4, 36.3 டிகிரி பீக் மூணும் சேந்து நின்னா அது ஜிங்க் ஆக்சைடுதான். பொடி கம்மியா வருதேன்னு காரத்த மட்டும் அள்ளி ஊத்திராத, விழுந்தது ஜிங்கேட்டா (கரையுற ஜிங்க் உப்பா) மாறி திரும்ப கரைஞ்சு போயிரும்.

கேள்வி: எக்ஸ்ஆர்டி பீக் அகலத்த வச்சு அளவு சொல்ற ஷெரர் ஃபார்முலால 22 நானோமீட்டர், செம்ல (எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல) பாத்தா 200. எத எழுதுறது சார்?

பதில்: ரெண்டையும் எழுதுங்க. ஷெரர் சொல்றது கிறிஸ்டல் அளவு, செம்ல தெரியறது அதுங்க பல ஒட்டிக்கிட்டு நிக்கிற கட்டி. பீட்டாவ, அதாவது பீக் அகலத்த, ரேடியன்ல மாத்தாம டிகிரிலயே போட்டா 22 வர்ற இடத்துல 0.4 வரும், கிட்டத்தட்ட ஒரே ஒரு யூனிட் செல் (கிறிஸ்டலோட அடிப்படைக் கட்டம்) அளவுல ஒரு கிறிஸ்டல்! இதே தப்போட தீசிஸ் பாத்திருக்கேன், நாலு பேரு கையெழுத்து வேற போட்டிருந்தாங்க.

கேள்வி: ஆட்டோகிளேவ (கரைசல மூடி வச்சு அழுத்தத்துல சூடாக்குற பாத்திரத்த) எவ்ளோ நிரப்பலாம்?

பதில்: முக்கால்வாசி, அதுக்கு மேல வேண்டாம். டெஃப்லான் கப்புன்னா 200 டிகிரியோட நிறுத்திக்கோங்க. தானா ஆறுன அப்புறம்தான் திறக்கணும், அவசரமா பச்சைத்தண்ணில முக்குறவங்கள கண்டா எனக்கே பயமா இருக்கு.

கேள்வி: டைட்டானியம் டைஆக்சைடு போட்டு சாதா எல்இடி பல்பு வெளிச்சத்துல மெத்திலின் ப்ளூ சாயம் 95% போயிருச்சு அண்ணா, பேப்பர் போட்டுரலாமா?

பதில்: கொஞ்சம் பொறுமா. அனடேஸ்ங்கற டைட்டானியம் டைஆக்சைடு வகைக்கு பேண்ட்கேப் (எலக்ட்ரான கிளப்ப வேண்டிய ஆற்றல்) 3.2 எலக்ட்ரான் வோல்ட், அதாவது 387 நானோமீட்டருக்கு கீழ புறஊதா வேணும், அந்த பல்புல அது கிட்டத்தட்ட கிடையாது. 1972ல ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் தண்ணிய பிரிச்சுக் காட்டுனதும் புறஊதா ஒளிலதான். அப்ப கலர் எங்க போச்சு? பாதி பொடி மேல ஒட்டியிருக்கலாம், இல்ல சாயமே வெளிச்சத்த வாங்கி அதுவா சிதைஞ்சிருக்கலாம். முதல்ல இருட்டுல அரை மணி நேரம் கலக்கி அளவெடு, அப்புறம் பொடியே இல்லாம சாயத்த மட்டும் வெளிச்சத்துல வச்சு அளவெடு. இது ரெண்டும் இல்லாத கிராஃப நான் நம்ப மாட்டேன்.

கேள்வி: வேப்பிலைச் சாறு வச்சு பண்ணா கிரீன் சிந்தசிஸா (சுற்றுச்சூழலக் கெடுக்காத தயாரிப்பா) சார்?

பதில்: இலை பச்சைதான்! கடைசில 500 டிகிரில சுட்டா சாறு எரிஞ்சே போயிருது, இலை என்ன வேலை பாத்துச்சுன்னு தெரியணும்னா சாறு இல்லாம ஒரு பேட்ச் பண்ணிக் காட்டணும்.

கேள்வி: இதெல்லாம் வீட்ல எங்கயாச்சும் உபயோகப்படுதா?

பதில்: கேஸ் லீக் அலாரத்துல பல மாடல்ல உள்ள இருக்கிறது டின் ஆக்சைடு. சூடான டின் ஆக்சைடு மேல ஆக்சிஜன் ஒட்டி எலக்ட்ரான பிடிச்சு வச்சுக்கும், ரெசிஸ்டன்ஸ் ஏறும். கேஸ் வந்து அந்த ஆக்சிஜன தின்னுட்டா எலக்ட்ரான் திரும்ப வந்து ரெசிஸ்டன்ஸ் சடார்னு இறங்கும், அலாரம் கத்தும். உள்ள குட்டி ஹீட்டர் இருக்கு, அதான் தொட்டா வெதுவெதுன்னு இருக்கும், ரிப்பேர்னு கழட்டிராதீங்க.